பூட்டி வச்ச ரகசியம்: எதைக் காக்கணும், எதைத் திறக்கணும்?



நம்மில் பலருக்குக் கல்யாணம் ஆகிப் புகுந்த வீட்டுக்குப் போகும்போது அம்மா சொல்லி அனுப்பிய முதல் புத்திமதி என்ன? "வீட்டு விசயம் வீதிக்கு வரக் கூடாது." நாமும் அதை அப்படியே காப்பாற்றி வருகிறோம். அடியை மறைக்கிறோம், கடனை மறைக்கிறோம், வியாதியை மறைக்கிறோம். பத்து வருசம், இருபது வருசம் என்று மனசுக்குள்ளேயே பூட்டி வைக்கிறோம். சிலர் அந்தப் பூட்டோடவே போய்ச் சேர்ந்து விடுகிறார்கள்.

ரகசியம் வைத்திருப்பது தப்பா? இல்லை. எல்லாவற்றையும் எல்லாரிடமும் கொட்ட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆனால் எல்லா ரகசியமும் ஒரே ஜாதி இல்லை. சில ரகசியம் நம்மைக் காப்பாற்றும். சில ரகசியம் நம்மைத் தின்றுவிட்டு, நமக்குக் கெடுதல் செய்கிறவரைக் காப்பாற்றும். இந்த இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? இந்த மாதம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள்

மனசுல பூட்டி வைத்திருக்கும் விசயம் எதுவானாலும், தனியாக உட்கார்ந்து இந்த மூன்று கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

1. இதை நானாக விரும்பி மறைக்கிறேனா, பயந்து மறைக்கிறேனா?
2. இதை மறைப்பதால் யாருக்கு லாபம்? எனக்கா, கெடுதல் செய்கிறவருக்கா?
3. இன்னும் ஐந்து வருசம் இப்படியே இருந்தால் இது குறையுமா, வளருமா?

நானாக விரும்பி மறைக்கிறேன், யாருக்கும் கெடுதல் இல்லை, நாளாக நாளாக வளரவும் இல்லை என்றால் அது உங்கள் சொந்த ரகசியம். அதைக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. பயத்தில் மறைக்கிறேன், நாளுக்கு நாள் வளருது என்றால், அது ஒரு நல்ல காதுக்காவது போய்ச் சேர வேண்டும். ஊருக்குச் சொல்ல வேண்டாம். ஒரே ஒரு நம்பிக்கையான ஆள் போதும்.

சிறுவாட்டுப் பணம்

நம்ம பெண்களின் மிகப் பழைய ரகசியம் சிறுவாடுதான். பருப்பு டப்பா, மிளகாய் டப்பா, சேலை மடிப்பு, சாமி படத்துக்குப் பின்னால் என்று சேர்த்து வைக்கும் பணம். குடிக்கிற புருசன் கண்ணில் படாமல் பிள்ளை பள்ளிக்கூடப் பீசுக்கு வைத்த காசு அது. இது நம்மைக் காப்பாற்றும் ரகசியம். குழுச் சேமிப்பே ஒரு வகையில் சிறுவாட்டின் தங்கச்சிதான்.

ஆனால் இந்த நல்ல ரகசியத்துக்கும் ஒரு ஆபத்து உண்டு. 2016 நவம்பர் 8-ம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அரசு அறிவித்தது. வங்கியில் கட்ட அந்த வருசம் டிசம்பர் 30 வரைதான் நேரம். வருசக்கணக்காக யாருக்கும் தெரியாமல் சேர்த்ததை அன்றைக்குப் பல பெண்கள் வேறு வழியில்லாமல் புருசன் கையில் எடுத்துக் கொடுக்க வேண்டி வந்தது. செய்தியே தெரியாமல், சாவுச் செலவுக்கு என்று பழைய நோட்டை வைத்திருந்து, பல வருசம் கழித்து எடுத்துப் பார்த்த பாட்டிமார் கதையும் பத்திரிகையில் வந்தது. அவர்கள் சேர்த்தது ரகசியமாக இருந்தது, பத்திரமாக இல்லை.

ஆகவே சிறுவாடு இருக்கட்டும். அது உங்கள் பெயரில் தனிக் கணக்கில் இருக்கட்டும். வாரிசு நியமனப் படிவத்தை (நாமினி) மறக்காமல் எழுதிக் கொடுங்கள். பாஸ் புக் எந்த இடத்தில் இருக்கிறது என்று நம்பிக்கையான ஒரு ஆளுக்கு, மகளுக்கோ தங்கைக்கோ, தெரிந்திருக்கட்டும். பத்து வருசம் யாரும் கேட்காத வங்கிப் பணம் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும். அதன் பிறகும் உரியவரோ வாரிசோ தங்கள் வங்கியில் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். இப்படிக் கிடக்கும் பணத்தைத் தேடிப் பார்க்க 2023-ல் ரிசர்வ் வங்கி 'உட்கம்' என்று ஒரு இணையதளமும் தொடங்கியது. ஆனால் கணக்கு இருந்ததே தெரியாவிட்டால் யார் போய்த் தேடுவார்கள்?

கணவர்மாருக்கும் இதையே சொல்லுங்கள். அவர் எந்தக் கம்பெனியில் இன்சூரன்ஸ் போட்டார், யாருக்குக் கடன் கொடுத்தார் என்று தெரியாமல் நிற்கும் விதவைச் சகோதரிகள் நம் குழுக்களிலேயே உண்டு.

மறைத்த கடன் குட்டி போடும்

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அவசரத்துக்கு ஒரு சகோதரி வீட்டுக்குத் தெரியாமல் 10,000 ரூபாய் பத்து வட்டிக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு மாதம் 10 ரூபாய். மாதம் 1,000 ரூபாய் வட்டி. ஒரு வருசத்தில் 12,000. மூன்று வருசத்தில் 36,000. அசல் 10,000 அப்படியே நிற்கிறது. வட்டி கட்ட முடியாத மாதம் கம்மலை அடகு வைக்கிறார். அதையும் மறைக்க வேண்டும். "கம்மல் எங்கே?" என்றால் "திருகு கழண்டிருச்சு" என்று ஒரு பொய். அந்தப் பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாள் மறைக்க முடியும்?

அதே 10,000-ஐக் குழுவில் ஒரு ரூபாய் வட்டிக்கு உள்கடனாக வாங்கினால் முதல் மாத வட்டி 100 ரூபாய். அசலும் சேர்த்துக் கட்டுவதால் மாசாமாசம் வட்டி குறைந்துகொண்டே வரும். இங்கே 900 ரூபாய் வித்தியாசம் எதற்காகப் போகிறது? அவசரத்துக்கு மட்டும் இல்லை, வாயைத் திறக்காததற்கும் சேர்த்துத்தான் அந்த விலை. கடன்காரருக்கும் இது நன்றாகத் தெரியும். "வீட்டுக்காரர்கிட்ட சொல்லட்டுமா?" என்ற ஒரே மிரட்டலில் அவர் வட்டியை வாங்கிக்கொண்டே இருப்பார். வீட்டில் நாமே சொல்லிவிட்டால் அந்த மிரட்டலுக்குப் பலம் இல்லை.

தமிழ்நாட்டில் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தினவட்டி, தண்டல் போன்றவற்றைத் தடை செய்து 2003-ல் சட்டம் வந்தது. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. வாங்கியது நாம் என்பதால் குற்றவாளி நாம் ஆகிவிட மாட்டோம்.

உடம்பை மறைக்கிறோம்

நம் பெண்கள் அதிகமாக மறைப்பது உடம்பு விசயம். கர்ப்பப்பை இறக்கம், வெள்ளைப்படுதல், மாதவிலக்கு நின்ற பிறகும் ரத்தப்போக்கு, மார்பில் கட்டி, சிறுநீர் அடக்க முடியாமல் போவது. புருசனிடமே சொல்லக் கூச்சம். டாக்டரிடம் காட்ட வெட்கம். உட்கார முடியாமல், குனிய முடியாமல், களை எடுக்கும் வேலையையும் விடாமல் வருசக்கணக்கில் ஓட்டுகிறோம்.

கர்ப்பப்பை இறக்கத்துக்கு வைத்தியம் உண்டு. ஆரம்பத்தில் உடற்பயிற்சியோ, உள்ளே வைக்கும் வளையமோ போதுமானதாக இருக்கலாம். முற்றினால்தான் ஆபரேசன். மார்பில் வலிக்காத கட்டிதானே என்று விடக் கூடாது. புற்றுநோய்க் கட்டி பல சமயம் ஆரம்பத்தில் வலிக்காது. மாதவிலக்கு நின்று வருசம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே காட்ட வேண்டும். 30 வயதுக்கு மேல் கர்ப்பப்பை வாய், மார்பகப் புற்றுநோய் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம். தனியாகப் போகக் கூச்சமா? ஒரு குழுத் தோழியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

காசநோயையும் பல வீடுகளில் மறைக்கிறோம். "பொண்ணுக்கு டிபி என்று தெரிந்தால் யார் கட்டுவார்கள்?" என்று பயம். மறைத்துக்கொண்டு ஊருக்கு ஊர் மாற்றி வைத்தியம் பார்ப்பதில் மருந்து பாதியில் நிற்கிறது. அதுதான் பெரிய ஆபத்து. வழக்கமான காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து, அரசில் இலவசம். ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்த சில வாரங்களிலேயே மற்றவருக்குப் பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும். சத்துணவுக்காக அரசு தரும் உதவித்தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வியாதி விசயம் டாக்டருக்குத் தெரிய வேண்டும், ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. எச்.ஐ.வி. உள்ளவரின் நிலையை, சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர, அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்று 2017-ல் சட்டமே வந்திருக்கிறது. "அவளுக்கு அந்த நோயாம்" என்று குழாயடியில் பேசுவது வம்பு மட்டும் இல்லை, ஒருவரின் வாழ்க்கையில் கை வைப்பது.

எடுத்து வளர்த்த பிள்ளை

பிள்ளை இல்லாமல், உறவிலோ வெளியிலோ ஒரு குழந்தையை எடுத்து வளர்ப்பார்கள். பிள்ளைக்குத் தெரியக் கூடாது என்று இருபது வருசம் மறைப்பார்கள். பெற்றவள் வேறு என்று பிள்ளைக்குத் தெரிந்தால் பாசம் போய்விடும் என்று பயம். ஆனால் ஊரில் தெரியாதவர் யார்? பிள்ளைக்கு மட்டும்தான் தெரியாது. கடைசியில் ஒரு வாய்க்கால் சண்டையில் பங்காளி ஒருவர் கோபத்தில் சொல்லி, அது தெரியவரும். பிறப்பு வேறு என்பதை விட, இத்தனை பேர் சேர்ந்து நம்மிடம் மறைத்தார்களே என்பதுதான் அந்தப் பிள்ளையை அதிகமாக வலிக்கச் செய்யும். சின்ன வயசிலேயே, தூங்கப் போகும்போது கதை சொல்வது போல, "நீ எங்க வயித்துல பிறக்கல, நாங்க தேடிக் கூட்டிட்டு வந்த பிள்ளை" என்று அம்மா வாயாலேயே சொல்லிவிட்டால் அது ரகசியமாகவே இருக்காது.

இதில் சொத்து விசயமும் இருக்கிறது. சட்டப்படி தத்து எடுத்த பிள்ளைக்குச் சொந்தப் பிள்ளைக்கு உள்ள உரிமை எல்லாம் உண்டு. சும்மா எடுத்து வளர்த்ததை மட்டும் வைத்து அந்த உரிமையைக் கேட்க முடியாது. வெளியே தெரியக் கூடாது என்று பத்திரம் எழுதாமலே விட்டு, பெற்றோர் கண்ணை மூடியதும் பிள்ளை வெறுங்கையோடு நிற்பது நடக்கிறது. சட்டப்படி என்ன செய்ய வேண்டும் என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள்.

"யார்கிட்டயும் சொல்லாதே" என்று பிள்ளையிடம் சொன்னால்

பிள்ளையைத் தொடக் கூடாத விதத்தில் தொடுகிறவர் முதலில் சொல்லிக்கொடுப்பதே "இது நம்ம ரகசியம், அம்மாகிட்ட சொல்லாதே" என்பதுதான். ஆகவே பிள்ளைகளுக்கு இப்பொழுதே சொல்லிவையுங்கள்: "உன்னை யாராவது 'அம்மாகிட்ட சொல்லாதே'ன்னு சொன்னா, அதைத்தான் முதல்ல அம்மாகிட்ட சொல்லணும். நான் திட்ட மாட்டேன்."

பிள்ளை வந்து சொன்னால் நம்புங்கள். செய்தவர் மாமனாக இருந்தாலும், சித்தப்பாவாக இருந்தாலும், "குடும்ப மானம் போயிடும்" என்று மூடாதீர்கள். மூடினால் அந்த ஆள் அடுத்த பிள்ளையிடம் போவார். 2012-ல் வந்த போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு இப்படி நடந்தது தெரிந்தால் புகார் கொடுப்பது தெரிந்தவரின் கடமை. மறைப்பது குற்றம். பிள்ளையைக் காவல் நிலையத்துக்கு அலைக்கழிக்க வேண்டியதில்லை. வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ வைத்து, சீருடை இல்லாமல்தான் வாக்குமூலம் வாங்க வேண்டும். பிள்ளையின் பெயரையோ படத்தையோ வெளியிடுவது சட்டப்படி குற்றம். அதாவது பிள்ளையின் மானத்தைச் சட்டம் காக்கிறது, செய்தவரின் மானத்தை இல்லை.

அடி: 100-ல் 77 பேர்

2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வு ஒரு விசயத்தைச் சொல்கிறது. இந்தியாவில் உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ ஆளான 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 14 பேர்தான் உதவி கேட்டிருக்கிறார்கள். 77 பேர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் வாயைத் திறந்து சொல்லவும் இல்லை. நம்ம குழுவில் வாராவாரம் வட்டமாக உட்காருகிறோமே, அந்த 77-ல் எத்தனை பேர் நம் பக்கத்தில் உட்கார்ந்து, "கதவு இடிச்சிருச்சு" என்று சொல்லிச் சேமிப்பைக் கட்டிவிட்டுப் போகிறார்கள்?

ஏன் சொல்வதில்லை? சொன்னால் வீட்டை விட்டுத் துரத்துவார், பிள்ளைகள் என்ன ஆகும், ஊர் சிரிக்கும், தங்கச்சி கல்யாணம் நின்றுவிடும். இந்தப் பயம் பொய் இல்லை. அதனால்தான் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-ல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. வீடு யார் பெயரில் இருந்தாலும், குடும்பமாக வாழ்ந்த வீட்டில் பெண்ணுக்குக் குடியிருக்கும் உரிமை உண்டு. அடிக்கக் கூடாது என்று நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம். புருசனை ஜெயிலில் போட்டால்தான் உதவி என்று இல்லை. விசாரணையை மூடிய அறையில் நடத்தும்படியும் கேட்கலாம். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கலாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வக்கீல் உதவி உண்டு.

இதில் எதையும் உடனே செய்யத்தான் வேண்டும் என்று இல்லை. எப்போது, எவ்வளவு தூரம் போவது என்பது அந்தப் பெண்ணின் முடிவு. ஆனால் ஒருவருக்காவது தெரிந்திருந்தால், ஒரு ராத்திரி ஓடி வர ஒரு கதவு திறந்திருக்கும்.

கேட்கிறவருக்கும் பொறுப்பு இருக்கு

"சொல்லுங்க, சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, கேட்டதைத் தெருவில் விட்டால் அடுத்த பெண் வாயே திறக்க மாட்டார். நம் குழுவில் ரகசியம் நிற்குமா என்பதைப் பொறுத்துத்தான் ஒரு பெண் பிழைப்பாளா என்பதே சில சமயம் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு குழுவும் இதைப் பேசி முடிவு செய்யுங்கள்:

• கூட்டத்தில் எல்லார் முன்னாலும் "முகத்துல என்ன காயம்?" என்று கேட்க வேண்டாம். கூட்டம் முடிந்து தனியாகக் கூட நடந்து போய்க் கேளுங்கள்.
• சொல்ல விருப்பம் இல்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். "எப்ப வேணாலும் வா" என்று மட்டும் சொல்லுங்கள்.
• கடன் காரணம் எழுதும்போது "மருத்துவச் செலவு" என்றால் போதும். என்ன வியாதி என்று தீர்மான நோட்டில் எழுத வேண்டாம்.
• உறுப்பினரின் குடும்ப விசயத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போடக் கூடாது. போட்டோவும் கூடாது.
• ஊக்குநர், பிரதிநிதி ஆனாலும் கேட்டதை வீட்டுக்காரரிடம் கூடச் சொல்லக் கூடாது.
• "நீ ஏன் பொறுத்துக்கிட்ட?", "நீ என்ன செஞ்ச?" என்று கேட்காதீர்கள். "நீ சொன்னது நல்லது" என்று சொல்லுங்கள்.

இதற்கு இரண்டே விதிவிலக்கு. ஒன்று, ஒரு பிள்ளைக்கு ஆபத்து. இரண்டு, ஒரு உயிருக்கு ஆபத்து. "செத்துப் போயிடலாம்னு இருக்கு, யார்கிட்டயும் சொல்லாதே" என்று ஒருத்தி சொன்னால் அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டாம். அவளைத் தனியாக விடாமல், உடனே உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். அவளிடமும் நேராகச் சொல்லிவிடுங்கள்: "உன் உயிர் பெருசு, அதனால இதை மட்டும் சொல்லப் போறேன்."

குறித்து வைத்துக்கொள்ளுங்கள்

• பெண்கள் உதவி எண்: 181
• குழந்தைகள் உதவி எண்: 1098
• மன நலம், தற்கொலை எண்ணம்: 14416 அல்லது 104
• இலவச சட்ட உதவி: 15100
• காவல், ஆம்புலன்ஸ் அவசரம்: 112, 108

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச

1. நம் குழுவில் ஒரு பெண் கஷ்டத்தைச் சொன்னால் அது வெளியே போகாது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? முடியாது என்றால் என்ன செய்யலாம்?
2. நம் பாஸ் புக், பத்திரம், இன்சூரன்ஸ் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரு ஆள் நம் ஒவ்வொருவருக்கும் உண்டா?
3. மூன்று மாதமாக முகம் வாடி வருகிற, சேமிப்பு விட்டுப்போன உறுப்பினர் யாராவது இருக்கிறாரா? அவரிடம் யார் தனியாகப் பேசுவது?

சகோதரிகளே, சிறுவாட்டைக் காக்கத் தெரிந்த நமக்கு ஒரு தோழியின் வார்த்தையைக் காக்கவும் தெரியும். யாருக்கும் சொல்லாமல் ஒன்றைத் தாங்கிக்கொண்டிருக்கிறவர் இதைப் படித்தால், இந்த வாரமே ஒருவரிடம் சொல்லுங்கள். யாராவது உங்களிடம் வந்து சொன்னால், முதலில் உட்கார வைத்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, முழுசாகக் கேளுங்கள்.